கம்ப்யூட்டர் வேலைக்குக் கண்ணாடியா? முதலில் டேப்பை எடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் டைப் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பத்திர நகல், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், மனு என்று காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஏழு வரை திரைக்கு முன்னால்தான். 43 வயதில் கண்ணாடி போட்டேன். நாலைந்து வருஷம் பிரச்சினை இல்லை. 48-இல் ரீடிங் பவர் +2.00 ஆனதும் தொந்தரவு ஆரம்பித்தது. புத்தகம் பளிச்சென்று தெரிகிறது, திரை தெரியவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, தலையை நீட்டி நீட்டிப் பார்த்து ஒரு வருஷம் ஓட்டினேன். பிடரியில் பிடித்த வலி தோள்வரை இறங்கியது. பிறகு காசு அதிகம் கொடுத்து, தூரம், திரை, புத்தகம் மூன்றையும் ஒன்றிலேயே பார்க்கும் புரோகிரசிவ் கண்ணாடி வாங்கினேன். அதிலும் நாடியைத் தூக்கினால்தான் எழுத்து தெரிந்தது.

மூன்றாவதாகப் போன கடையில் கண் பார்த்த பெண், "அக்கா, உங்க கம்ப்யூட்டர் கண்ணுல இருந்து எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. "அளந்துட்டு நாளைக்கு வாங்க, அதுக்கப்புறம் பவர் எழுதலாம்" என்று அனுப்பிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி தையல் டேப்பைக் கடைக்குக் கொண்டுபோய் மகளை அளக்கச் சொன்னேன். 66 செ.மீ. இருந்தது. அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் என் இப்போதைய கண்ணாடி செய்யப்பட்டது. கழுத்து வலி ஒரு மாதத்தில் போனது.

லென்ஸின் நிறமும் கம்பெனிப் பெயரும் ஃபிரேமின் அழகும் அப்புறம் வரட்டும். கம்ப்யூட்டர் கண்ணாடியைத் தீர்மானிப்பது உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம். அதைத் தெரிந்துகொண்டு கடைப்படி ஏறினால் பாதி வேலை முடிந்தது.

அளப்பது எப்படி

வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும்போது எப்படி இருப்பீர்களோ அப்படியே உட்காருங்கள். அளக்கப்போகிறோம் என்றதும் எல்லாரும் முதுகை நிமிர்த்திவிடுவார்கள். அது உங்கள் உண்மையான தூரம் இல்லை. பத்து நிமிஷம் டைப் செய்யுங்கள், அப்புறம் அசையாமல் இருந்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். கண்ணின் வெளி ஓரத்திலிருந்து திரையின் நடுப்பகுதிவரை. இதே மாதிரி மேஜையில் இருக்கும் தாள்வரைக்கும், கையில் பிடிக்கும் போன்வரைக்கும் தனித்தனியாக அளந்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 60-இலிருந்து 70 செ.மீ. வரும். லேப்டாப் என்றால் 50-ஐ ஒட்டி இருக்கும். தாள் 40, போன் 30 சுமார்.

திரைவரை அளவு 45-க்குக் கீழே வந்தால் கண்ணாடிக்குப் போகாதீர்கள், முதலில் மேஜையைச் சரிசெய்யுங்கள். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் நல்லது. திரையின் மேல் ஓரம் கண் மட்டத்திலோ கொஞ்சம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். லேப்டாப்பை மட்டும் வைத்து நாள் முழுக்க வேலை பார்ப்பவர்கள் தனியாக ஒரு கீபோர்டு வாங்கி, லேப்டாப்பைப் பெட்டிமேல் உயர்த்தி வையுங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் பெரிதாக்குங்கள். தவறான தூரத்தில் உட்கார்ந்து அளவு கொடுத்தால், அந்தத் தவறான தூரத்துக்கே கண்ணாடி செய்து வரும்.

என்னைப்போல் தாளைப் பார்த்து டைப் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் கடைக்குத் திருவிதாங்கூர் காலத்து மலையாள ஆதாரங்கள், அதாவது சொத்துப் பத்திரங்கள், வரும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய சொத்துக் கணக்கு பெரும்பாலும் அந்தப் பழுப்புத் தாளில் மலையாளத்தில்தான் இருக்கும். மை மங்கி, எழுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும். அதை மேஜையில் படுக்கப்போட்டு 40 செ.மீ.-இல் படித்துவிட்டு, நிமிர்ந்து 66-இல் திரையைப் பார்ப்பேன். நாளுக்கு ஆயிரம் தடவை இரண்டு தூரத்துக்கும் கண் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சின்ன மரச்சட்டம் செய்து, தாளைத் திரைக்குப் பக்கத்திலேயே, திரை இருக்கும் தூரத்திலேயே நிறுத்தினேன். இரண்டு தூரம் ஒரே தூரம் ஆயிற்று. கண்ணாடியில் செலவழித்த காசில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகவில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் ஏற்றுபவர்கள், கணக்கு எழுதுபவர்கள் எல்லாரும் இதைச் செய்யலாம்.

உங்கள் வயதுக்கு என்ன வேண்டும்

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் நெகிழ்வாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தானாகவே உப்பி, பவரைக் கூட்டிக்கொள்ளும். வயது ஏற ஏற அது விறைத்துப்போகிறது. 40-ஐ ஒட்டி, ஊசியில் நூல் கோர்க்கக் கையை நீட்ட வேண்டி வருகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். மலையாளத்திலும் இதே வார்த்தைதான். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் சொன்னாலும் அந்தப் பக்கம் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். இது நோய் இல்லை, தலை நரைப்பது மாதிரி எல்லாருக்கும் வருவது.

ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கிவிடும். 100-ஐ செ.மீ. தூரத்தால் வகுத்தால், அந்தத் தூரத்துக்கான பவர் வரும். 40 செ.மீ.-க்கு 2.50. 50-க்கு 2.00. 66-க்கு 1.50. தூரப் பார்வைக்குப் பவர் இல்லாத ஒருவர் +2.00 ரீடிங் கண்ணாடி போட்டால், 50 செ.மீ.-க்கு அப்பால் எதுவும் கூர்மையாகத் தெரியாது. திரை 66-இல் இருக்கிறது. வேறு வழியில்லாமல் தலை திரையைத் தேடிப் போகும். என் பிடரி வலிக்கு இதுதான் காரணம்.

அதனால் வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் திரைக்கு வேண்டியது ரீடிங் பவரைவிடக் குறைந்த பவர். பெரும்பாலும் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை. என் சீட்டில் ரீடிங் +2.00, கம்ப்யூட்டருக்கு +1.25. இதை நீங்களே கணக்குப் போட்டு வாங்கிவிடக்கூடாது. ஆனால் சீட்டில் எழுதியது உங்கள் தூரத்துக்கு ஒத்துவருமா என்று சரிபார்க்க இந்தக் கணக்கு போதும்.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இரண்டு கண்ணிலும் -1.50 அளவு, சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் வேண்டிய பவர்) இல்லை என்றால், கண்ணாடியைக் கழற்றினாலே 66 செ.மீ. வரை தெளிவாகத் தெரியும். வெள்ளெழுத்து வந்த பிறகு கம்ப்யூட்டருக்கென்று எதுவும் வாங்க வேண்டாம். திரைக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் போதும். இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை. பயமில்லாமல் செய்து பாருங்கள், பவர் ஏறாது.

20, 30 வயதில் இருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் கண்ணாடி என்று தனியாக ஒன்று அவசியமில்லை. தூரத்துக்கான பவர் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த "சரியாக" என்பதில் கவனம் வேண்டும். 0.50, 0.75 என்று சின்ன சிலிண்டர் பவர் இருந்து கண்ணாடி போடாமல் இருந்தால் சாயங்காலம் நெற்றி வலிக்கும். அதே மாதிரி, கிட்டப்பார்வைக்கு வேண்டியதைவிட மைனஸ் கூடப் போட்டுவிட்டால், எழுத்து கறுப்பாக, கூர்மையாகத் தெரிகிற மாதிரி இருக்கும். ஆனால் கண் நாள் முழுக்கக் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கும்.

கண் பார்க்கப் போகும்போது

மார்த்தாண்டத்திலிருந்து வடசேரிவரை கடைக்குக் கடை "கம்ப்யூட்டர் கண் பரிசோதனை" என்று போர்டு இருக்கிறது. கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்களுக்கான பரிசோதனை என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. நாடியை ஒரு தாங்கியில் வைத்து உள்ளே பார்த்தால், நீளமான ரோட்டின் முடிவில் ஒரு பலூன் தெரியுமே, அந்த மெஷின்தான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமலே கண்ணின் பவரைத் தோராயமாக அளந்து தாளில் அச்சடித்துக் கொடுக்கும். நல்ல மெஷின், ஆனால் அது ஆரம்பம் மட்டுமே. இளம் வயதுக்காரர்களுக்கு அது மைனஸைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. அந்தத் தாளை வைத்தே கண்ணாடி செய்யலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு டிரையல் ஃபிரேமை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒரே மாதிரி என்றே சொல்லுங்கள், அதுவும் சரியான பதில்தான்.

சிவப்பும் பச்சையுமாக ஒரு பலகை காட்டி, எதில் எழுத்து அடர்த்தியாகத் தெரிகிறது என்றும் கேட்பார்கள். கிட்டப்பார்வைக்காரருக்குப் பச்சையில் தெளிவாகத் தெரிந்தால் மைனஸ் கூடிவிட்டது என்று பொருள். கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

தூரப் பலகை 6 மீட்டரில் பார்க்கப்படுகிறது. அறை சின்னதாக இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அந்தத் தூரத்தை உண்டாக்குவார்கள். படிக்கும் அட்டை 40 செ.மீ.-இல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உங்கள் திரைக்குப் பலகையும் இல்லை, அட்டையும் இல்லை. அதனால் உங்கள் திரையில் இருக்கும் ஒரு பக்கத்தை அதே எழுத்து அளவில் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, டேப்போடு கொண்டுபோங்கள். டிரையல் ஃபிரேம் கண்ணில் இருக்கும்போதே அந்தத் தாளை உங்கள் 66-இலோ 58-இலோ பிடிக்கச் சொல்லி ஐந்து நிமிஷம் படியுங்கள். லேப்டாப்காரர்கள் லேப்டாப்பையே கொண்டுபோகலாம். அப்படியே தலையைப் பின்னால் இழுத்து, எங்கே மங்குகிறது என்றும் பாருங்கள். பின்னால் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். கூட்டம் இருக்கும் நேரத்தில் இதற்குப் பொறுமை இருக்காது. வார நாளில் காலையில் போவது நல்லது. கண்ணும் அப்போதுதான் களைப்பில்லாமல் இருக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரை எகிறிக் கிடக்கும் சமயத்தில் பவர் பார்க்காதீர்கள். சர்க்கரையோடு சேர்ந்து கண்ணின் பவரும் மாறும். அது ஒரு நிலைக்கு வந்து சில வாரம் கழித்துப் பார்த்தால்தான் வாங்கும் கண்ணாடி நிலைக்கும்.

40 தாண்டியவர்கள் முதல் தடவையாவது கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். கடையில் பவர்தான் பார்ப்பார்கள். கண் அழுத்தம், விழித்திரை, நரம்பு இவற்றை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் வலியில்லாமல், தெரியாமல் பார்வையைத் தின்னும். வீட்டில் யாருக்காவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நாகர்கோவிலை ஒட்டி ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்புப் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் பஸ்ஸில் போங்கள்.

சீட்டு கைக்கு வந்ததும் நாலு விஷயம் பாருங்கள். எஸ்பிஎச் என்பது பவர், பிளஸோ மைனஸோ. சிஒய்எல் என்பது சிலிண்டர், ஆக்சிஸ் அது சாய்ந்திருக்கும் கோணம். ஆட் என்பது படிக்கக் கூட்டும் பவர். பிடி என்பது இரண்டு பாப்பாக்களுக்கும் நடுவே உள்ள தூரம், மில்லிமீட்டரில். கம்ப்யூட்டருக்கான பவரைத் தனி வரியில், எத்தனை செ.மீ.-க்கு என்பதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

எந்த லென்ஸ்

நாள் முழுக்கத் திரையிலேயே கண் இருந்தால், திரைத் தூரத்துக்கென்றே ஒற்றைப் பவர் லென்ஸ் போட்ட தனிக் கண்ணாடிதான் என் முதல் சிபாரிசு. விலை குறைவு. முழு லென்ஸும் ஒரே பவர் என்பதால் தலையை எப்படி வைத்தாலும் தெளிவாகத் தெரியும். குறை என்ன என்றால், எழுந்து நடந்தால் தூரம் மங்கும். அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறிவிடாதீர்கள். நான் அதைக் கடை மேஜையைவிட்டு வெளியே கொண்டுவருவதே இல்லை.

பைஃபோகல் லென்ஸில் மேல்பாதி தூரத்துக்கு, கீழே ஒரு துண்டு படிக்க. திரை இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, கீழ்த்துண்டின் பவர் அதற்கு அதிகம். கம்ப்யூட்டர் வேலைக்கு அது பொருந்தாது.

புரோகிரசிவ் லென்ஸில் மேலிருந்து கீழே பவர் கோடில்லாமல் மெல்ல மாறும். தூரம், திரை, புத்தகம் மூன்றும் ஒரே கண்ணாடியில். கடையில் ஆள் வரும், பணம் வாங்குவேன், பீரோவில் தாள் தேடுவேன் என்று எழுந்து நடமாடுபவர்களுக்கு வசதி. ஆனால் நடுத்தூரப் பகுதி ஒடுக்கமான ஓடை மாதிரி. இரு பக்கமும் கலங்கலாக இருக்கும். பெரிய திரையில் வரியின் கடைசிவரை படிக்கத் தலையைத் திருப்ப வேண்டும். நாடியைத் தூக்கிப் பார்க்கவும் நேரும். இதைப் போடுகிறவர்கள் திரையை வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், கழுத்து பிழைக்கும்.

இவற்றுக்கு நடுவில் ஆபீஸ் லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. புத்தகத் தூரத்திலிருந்து அறையின் அந்தப் பக்கச் சுவர்வரைக்கும் மட்டும் பார்க்கச் செய்தது. நடுத்தூரப் பகுதி நல்ல அகலம். வங்கி, பள்ளிக்கூட அலுவலகம், பத்திர அலுவலகம் மாதிரி மேஜைக்கு எதிரே ஆள் வந்து உட்காரும் வேலைக்கு இதைவிட நல்லது இல்லை. கடைக்காரர்கள் தாங்களாக இதைப் பற்றி அதிகம் சொல்வதில்லை, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இதையும் போட்டு வண்டி ஓட்டக்கூடாது.

கன்னியாகுமரிக் கடற்கரையிலும் பஸ் ஸ்டாண்ட் ஓரத்திலும் விற்கும் ரெடிமேட் கண்ணாடி? இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் இல்லாதவர் என்றால் அவசரத்துக்கு மாத்திரைச் சீட்டு படிக்க ஆகும். எட்டு மணி நேர வேலைக்கு வேண்டாம். அதில் லென்ஸின் நடுப்புள்ளி உங்கள் பாப்பாவுக்கு நேராக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

நீல வெளிச்சம் தடுக்கும் லென்ஸ்

இதைப் பற்றி மனசுவிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் சம்பளத்தில் இதைத்தான் வாங்குகிறார்கள். கடையில் ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, ஊதா ஒளியை ஒரு அட்டையில் அடித்துக் காட்டுவார்கள். நடுவில் சாதா லென்ஸை வைத்தால் ஒளி பாய்ந்து போகும். புளூ கட் லென்ஸை வைத்தால் நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும். ஆனால் அந்த டார்ச்சின் ஒளி 405 நானோமீட்டர் அளவு, ஊதா ஓரத்தில் இருப்பது. எல்இடி திரைகளின் நீலம் உச்சம் கொள்வது 450-ஐ ஒட்டி. டார்ச் ஒளியை நிறுத்தும் லென்ஸ் திரையின் நீலத்தையும் அதே மாதிரி நிறுத்தும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

அப்படியே தடுத்தாலும் கண் களைப்பு குறைகிறதா? 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்து வெளியிட்ட முடிவு, சாதா லென்ஸோடு ஒப்பிட்டால் திரை வேலையால் வரும் கண் களைப்பில் குறுகிய காலத்தில் வித்தியாசம் இல்லாமல்தான் இருக்கும் என்பது. திரையிலிருந்து வரும் நீல ஒளி வெயிலிலிருந்து வருவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. உங்கள் கண் எரிவது வேறு காரணத்தால். வாங்கினால் கெடுதல் ஒன்றும் இல்லை. வெள்ளை கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூடுதல் பணத்தை ஒழுங்கான பரிசோதனைக்கும் நல்ல ஏஆர் கோட்டிங்குக்கும் கொடுங்கள் என்றுதான் என் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

ஏஆர் என்பது பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு. பூச்சில்லாத லென்ஸ் இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம் ஒளியைத் திருப்பி அடிக்கும். முதுகுக்குப் பின்னால் டியூப் லைட்டோ ஜன்னலோ இருந்தால் அது லென்ஸின் உள்பக்கத்தில் பட்டுக் கண்ணில் விழும். ஏஆர் போட்டால் அது அடங்கும். இந்தப் பூச்சு வாங்குவது உண்மையிலேயே பயன் தரும் செலவு.

லென்ஸ் பொருளைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். பவர் குறைவாக இருந்தால் கடைகளில் ஃபைபர் என்று சொல்லும் சாதா சிஆர்-39 போதும். பவர் அதிகம் உள்ளவர்கள் ஓரம் தடிக்காமல் இருக்க 1.60, 1.67 என்ற எண் போட்ட மெல்லிய லென்ஸுக்குப் போகலாம் (அந்த எண் பவர் இல்லை, லென்ஸ் பொருளின் வகை). வண்டி ஓட்டுபவர்கள் தூரக் கண்ணாடிக்குப் பாலிகார்பனேட் கேளுங்கள், லேசில் உடையாது.

நம் ஊர்க் காற்றுக்கு ஏற்ற ஃபிரேம்

ஃபிரேமின் தண்டின் உள்பக்கம் 52-18-140 என்ற மாதிரி எண் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், தண்டின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். இப்போது போட்டிருக்கும் ஃபிரேம் உறுத்தாமல் இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், குனிந்து தலையை இரண்டு தடவை ஆட்டிப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம். இங்கே வியர்வை அதிகம். வழுக்கும் ஃபிரேம் மதியத்துக்குள் மூக்கு நுனிக்கு வந்துவிடும். லென்ஸின் நடுப்புள்ளியும் கூடவே இறங்கிவிடும். புரோகிரசிவ்காரர்களுக்கு இது பெரிய தொந்தரவு.

குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். மலிவான உலோக ஃபிரேமின் ஸ்க்ரூ துருப்பிடிக்கும், மூக்கில் பதியும் இடத்தில் பச்சை பூக்கும். அசிட்டேட், டிஆர்-90 போன்ற பிளாஸ்டிக் வகை அல்லது டைட்டானியம் தாங்கும். சிலருக்கு நிக்கல் பட்டால் தோல் தடிக்கும். அவர்களும் உலோகத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஹெல்மெட் போடுபவர்களுக்கு மெல்லிய, நேரான தண்டு நல்லது. காதுக்கு மேலே தடித்த தண்டு அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும். புரோகிரசிவ் வாங்குபவர்கள் உயரம் குறைந்த ஒடுக்க ஃபிரேமை எடுக்காதீர்கள், மூன்று பவரும் அதற்குள் அடங்காது.

லென்ஸைத் துடைப்பதிலும் உப்பை மறக்கக்கூடாது. காய்ந்த லென்ஸை முந்தானையிலோ சட்டை நுனியிலோ தேய்த்தால் அதில் படிந்திருக்கும் உப்பும் மண்ணும் அரம் மாதிரி வேலை செய்யும். குழாயடியில் கழுவி, அப்புறம் மெத்துத் துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கிக்குள் வைக்காதீர்கள், சூட்டில் பூச்சு வெடித்துவிடும்.

கண்ணாடி வந்ததும்

புரோகிரசிவ் லென்ஸில் மஞ்சளோ வெள்ளையோ மையில் குறிகள் போட்டு வரும். அதைக் கடையில் அழிக்கும் முன்னால் ஃபிரேமை மாட்டச் சொல்லி, நேராகப் பார்த்து, கூட்டல் குறி உங்கள் பாப்பாவுக்கு நேராக விழுகிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். என் இரண்டாவது கண்ணாடியைக் குறி அழித்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நாடியைத் தூக்கித் தூக்கி இரண்டு மாதம் கழிந்த பிறகு, அடுத்த கடைக்காரப் பெண்தான் பாப்பாவுக்கும் லென்ஸுக்கும் உயரம் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்தாள். ஆர்டர் எடுத்தபோதே தவறு நடந்திருக்கிறது. என் முகத்தில் ஃபிரேமை மாட்டி அளவு எடுக்கவே இல்லை. அவள் எடுத்த விதத்தைச் சொல்கிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஃபிரேமை என் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி வளைத்துச் சரிசெய்தாள். பிறகு தன் கண்ணை என் கண் மட்டத்துக்கே கொண்டுவந்து, தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, ஃபிரேமில் இருந்த டம்மி லென்ஸின்மேல் மார்க்கர் பேனாவால் பாப்பாவுக்கு நேரே ஒரு புள்ளி வைத்தாள். கழற்றி மறுபடி மாட்டினாள். புள்ளி அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது, அழித்துவிட்டு இன்னொன்று வைத்தாள்.

ஒற்றைப் பவராக இருந்தாலும் நடுப்புள்ளி முக்கியம். அது விலகினால் லென்ஸ் முப்பட்டகம் மாதிரி ஒளியை வளைத்து, கண்ணை ஒரு பக்கமாக இழுக்கும். பவர் கூடக் கூட இழுப்பும் கூடும். ஒற்றைப் பவர் இரண்டு மூன்று நாளில் பழகிவிடும், புரோகிரசிவ் இரண்டு வாரம்வரை எடுக்கலாம். அதற்கு மேலும் தரை சாய்ந்து தெரிந்தால், எழுத்து இரண்டாகத் தெரிந்தால், "பழகிடும்" என்ற பதிலை ஏற்காமல் பில்லோடும் சீட்டோடும் திரும்பப் போங்கள்.

கண்ணாடியால் தீராத எரிச்சல்

சரியான கண்ணாடி போட்ட பிறகும் கண் எரிகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றால் அது வறட்சி. சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 தடவை இமைக்கிறோம். திரையில் மூழ்கினால் அது 5, 7 என்று இறங்கிவிடுகிறது. கண்ணீர்ப் படலம் காய்ந்துபோகிறது. அதிலும் மின்விசிறியோ ஏசியோ நேராக முகத்தில் அடித்தால் சொல்ல வேண்டாம். ஆரல்வாய்மொழியில் என் சித்தி மகன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான். ஆனி ஆடியில் கணவாய்க் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் ஊர் அது. ஜன்னலுக்கு எதிரே மேஜை. மூன்று கண்ணாடி மாற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தான். போய்ப் பார்த்தேன், மேஜைமேல் வைத்த தாள் நிற்கவில்லை. "மக்களே, முதல்ல மேஜையத் திருப்பிப் போடு" என்றேன். அதற்குப் பிறகு புதுக் கண்ணாடி வாங்கவில்லை.

20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்ப்பது நல்ல பழக்கம். என் கடை வாசலில் நின்றால் எதிர்ப்பக்கத்துத் தென்னை தெரியும், அதைப் பார்ப்பேன். கண்ணை முழுசாக மூடி மூடித் திறப்பேன். மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு வறட்சி இன்னும் கூடும். மருத்துவரைக் கேட்டு ஈரப்பதம் தரும் சொட்டு மருந்து விடலாம். மருந்துக்கடையில் "கண் சிவந்திருக்கு" என்று சொல்லித் தருவதை வாங்கி விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்து மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். திடீரென்று ஒரு கண் மங்கினால், மின்னல் வெட்டுவது மாதிரி தெரிந்தால், திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைந்தால், வலியோடு சிவந்தால், கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மேஜை மாறினாலும் திரை மாறினாலும் டேப்பை மறுபடி எடுங்கள். போன மாதம் என் பழைய 19 இன்ச் திரை போய் 24 இன்ச் வந்தது. பெரிய திரை என்பதால் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். 66 இருந்தது 74 ஆகிவிட்டது. 100-ஐ 1.25-ஆல் வகுத்துப் பார்த்தேன், 80 வந்தது. திரை அதற்குள்தான் இருக்கிறது. அதனால் கண்ணாடியை மாற்றவில்லை.